ஆர அமர இலங்கை



சென்னையில் ஏறினால் கட்டுநாயக்கவில் இறங்க ஒன்றரை மணி நேரம்கூட ஆவதில்லை. விமானத்தில் கொடுத்த சிற்றுண்டித் தட்டைத் திரும்ப வாங்கிப் போவதற்குள் கீழே தென்னந்தோப்புகள் தெரியத் தொடங்கிவிடும். இவ்வளவு கிட்டத்தில் இருப்பதே இலங்கைக்கு ஒரு குறையாகிவிட்டது. பக்கத்து நாடுதானே என்ற நினைப்பில் நாலு இரவு, ஐந்து பகல் என்று கணக்குப் போட்டு, சிகிரியாவுக்கு ஒரு காலை, கண்டிக்கு ஒரு மாலை, நுவரெலியாவுக்கு ஓர் இரவு என்று ஓடி, பாதி நாளை வேனுக்குள்ளேயே கழித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

வரைபடமும் ஏமாற்றும். இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஏறக்குறையப் பாதி. வடக்கிலிருந்து தெற்கே 430 கிலோமீட்டர் போனால் நிலம் முடிந்துவிடும். ஆனால் நடுவில் மலை நிற்கிறது. கண்டியிலிருந்து நுவரெலியா 77 கிலோமீட்டர்தான். போய்ச் சேர இரண்டரை மணி நேரம் பிடிக்கும். லாரி ஒன்று முன்னால் அகப்பட்டுக்கொண்டால் இன்னும் கூடும். அதனால், கையில் தாராளமாகப் பணமும் இரண்டு வாரமும் வைத்திருப்பவர் முதலில் செலவழிக்க வேண்டியது நாட்களைத்தான். பதினான்கு இரவுகள், ஐந்தே ஐந்து கூரைகள். இந்தக் கணக்கில் போனால் பெட்டியைத் திறந்து துணிகளை அலமாரியில் அடுக்கிவைக்கலாம். சொகுசு என்பது அங்கேதான் தொடங்குகிறது.

எப்போது போவது என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையையும் தெற்குக் கரையையும் மலைநாட்டின் மேற்குச் சரிவையும் நனைக்கும். அந்த மாதங்களில் கிழக்கே திருகோணமலையும் பாசிக்குடாவும் வெயிலில் காயும். கடல் குளம்போலக் கிடக்கும். ஆண்டுக் கடைசியில் வடகிழக்குக் காற்று வந்ததும் கதை தலைகீழாகிவிடும். மலையும் தெற்குக் கரையும் சேர்ந்த பயணத்துக்கு ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை ஏற்ற காலம். ஏப்ரல் நடுவில் சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு வருகிறது. கொழும்பில் பாதிப் பேர் நுவரெலியாவுக்கு வந்துவிட்டார்களோ என்று தோன்றும் அளவுக்கு நெரிசல் இருக்கும். முழுநிலா நாளையும் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ள வேண்டும். அது போயா விடுமுறை. அன்று மது விற்பனை கிடையாது. கோயில்களிலும் விகாரைகளிலும் கூட்டம் அதிகம்.

விமானநிலையத்தில் இறங்கியதும் கொழும்புக்குள் நுழைய வேண்டாம். கட்டுநாயக்க நகருக்கு வடக்கே இருக்கிறது. அங்கிருந்தே தம்புள்ளைப் பக்கம் வண்டியைத் திருப்பிவிடலாம். கொழும்பு கடைசிக்கு இருக்கட்டும்.

தம்புள்ளைப் பக்கத்தில் முதல் மூன்று இரவுகளுக்குக் கந்தளமை ஹோட்டல். ஜெஃப்ரி பாவா என்ற கட்டடக்கலைஞரின் கைவேலையை உள்ளே படுத்துத் தூங்கியே அறிந்துகொள்ளக் கூடிய இடம் அது. வழக்கறிஞராக இருந்து, பின்பு படித்து, முப்பத்தெட்டு வயதில் கட்டடக்கலைக்கு வந்தவர் பாவா. நாட்டின் நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்தவரும் அவரே. கந்தளமை ஹோட்டலை முதலில் சிகிரியாக் குன்றின் அருகிலேயே கட்டத்தான் எண்ணம் இருந்தது. அந்தக் குன்றின் அடியில் இன்னொரு பெருங்கட்டடம் நிற்கக் கூடாது என்று வேறிடம் தேடியவர், பழைய ஏரி ஒன்றின் மேலே பாறைச்சரிவைப் பிடித்தார். 1994இல் திறந்த அந்தக் கட்டடம் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு மலையை ஒட்டி வளைந்து கிடக்கிறது. ஆனாலும் ஏரியின் எதிர்க்கரையில் நின்று பார்த்தால் கண்ணில் எளிதில் படாது. காடு அதன்மேல் ஏறிக்கொண்டது. கொடிகள் தொங்க, குரங்குகள் பால்கனிகளில் தாவ, வரவேற்பறைக்குள்ளேயே பாறை துருத்திக்கொண்டு நிற்கும். பால்கனிக் கதவைத் தாழிடாமல் போனவரின் பழக்கூடை திரும்பி வரும்போது காலியாக இருக்கும்.

அங்கே மூன்று இரவுகள் தங்குகிறவருக்குச் சிகிரியா ஏற நல்ல காலைப்பொழுது வாய்க்கும். 5ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் குன்றின் உச்சியில் அரண்மனை எழுப்பினான். ஏறத்தாழ 200 மீட்டர் உயரம். வாயில் திறந்த உடனே ஏறத் தொடங்கினால் வெயில் சூடேறுமுன் உச்சியைத் தொட்டுவிடலாம். பாறையில் தீட்டிய ஓவியங்களுக்குக் கீழே உள்ள கண்ணாடிச் சுவரின் பக்கத்தில் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள், ஓவியப் பெண்களைப் பற்றிச் சிங்களத்தில் கீறிவைத்த கவிதைகள் அதில் இருக்கின்றன. பின்னால் வருகிற கூட்டம் தள்ளும்போது அவை கண்ணில் படுவதே இல்லை.

கண்டிக்கு இரண்டு இரவுகள் போதும். தலதா மாளிகையில் மாலைப் பூசை மேளம், பேராதனைத் தாவரவியல் பூங்காவில் ஒரு காலை, ஏரியைச் சுற்றி ஒரு நடை. அந்த ஏரியை வெட்டுவித்தவர் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர். நாயக்கர் குலத்தவர், தமிழ் பேசியவர். 1815இல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்ததும் அவரைக் குடும்பத்தோடு கொண்டுவந்து வைத்த இடம் நம் வேலூர்க் கோட்டை. 1832இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவரை அடக்கம் செய்த இடத்தில் முத்து மண்டபம் இருக்கிறது. வேலூர்ப் பக்கத்து நேயர்கள் கண்டி ஏரிக்கரையில் நின்றால் அந்த ஊர் அவர்களுக்கு அன்னியமாகத் தோன்றாது.

இனி ரயில். கொழும்பிலிருந்து வரும் இந்தத் தடம் 1867இல் கண்டியைத் தொட்டது. மலைமேல் ஏறி ஏறி 1924இல்தான் பதுளையைச் சேர்ந்தது. கோப்பி ஏற்றிப்போகப் போட்ட பாதை தேயிலையைச் சுமந்து வளர்ந்தது. கண்டியில் ஏறி ஹட்டனில் இறங்கினால் மூன்று மணி நேரத்துக்குள்தான். ஆனால் அந்த நேரத்துக்குள் தென்னை போய் ரப்பர் வரும், ரப்பர் போய்த் தேயிலை வரும், காற்றும் மாறிவிடும். முதல் வகுப்பு இருக்கைகள் ஒரு மாதத்துக்கு முன்பே பறந்துவிடுகின்றன. ஒன்று மட்டும் கவனத்தில் இருக்க வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயல் மலைநாட்டைக் குலைத்துப் போட்டது. மண்சரிவில் ஊர்களும் உயிர்களும் போயின. ரயில் பாதையும் பல இடங்களில் சேதமானது. எந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறது என்று விசாரித்துக்கொண்டே பயணத்தை வகுக்க வேண்டும். ரயில் இல்லையென்றால் வண்டி இருக்கிறது.

வண்டி என்றதும் ஓட்டுநரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இலங்கையில் வாடகை வண்டியோட்டி பயணம் முடியும்வரை கூடவே வருவார். ஹோட்டல்களில் ஓட்டுநர்களுக்கென்று தனி இடம் ஒதுக்குவார்கள். அது எப்படிப்பட்ட இடம், அவருக்குச் சாப்பாடு உண்டா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுவது நல்லது. இரண்டு வாரம் மலை வளைவுகளில் நம் உயிர் அவர் தூக்கத்தை நம்பித்தான் இருக்கிறது.

ஹட்டனிலிருந்து நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் போனால் காசல்ரீ நீர்த்தேக்கம் வரும். அதன் கரையிலும் சுற்றியுள்ள மேடுகளிலும் பழைய துரை பங்களாக்கள் இருக்கின்றன. தோட்டத்து ஆங்கிலேய மேலாளருக்குத் துரை என்றுதான் பெயர். அவர் குடியிருந்தது துரை பங்களா. அவற்றில் சிலவற்றைச் செப்பனிட்டு 2005இல் தங்கும் விடுதிகளாக்கியது தில்மா தேயிலைக் குடும்பம். ‘சிலோன் டீ ட்ரெயில்ஸ்’ என்று அவற்றுக்குப் பெயர். டியென்சின் என்ற பங்களா 1888ஆம் ஆண்டுக் கட்டடம். ஒவ்வொன்றிலும் அறைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். வராந்தா, கணப்பு, ரோஜாப் பாத்தி, புல்வெளி. விடிந்ததும் படுக்கைக்கே தேநீர் வரும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று சமையல்காரர் வந்து கேட்பார். ஒரு பங்களாவிலிருந்து இன்னொன்றுக்குத் தேயிலைக்குள்ளேயே நடந்து போகலாம். பயணத்தின் நான்கு இரவுகளை இங்கே வைப்பதுதான் சரி. ஓர் இரவுக்குப் பல நூறு டாலர் ஆகும். ஆனால் இந்த இடத்தை அவசரமாகப் பார்க்க முடியாது.

ஜனவரி முதல் மார்ச் வரை இந்தத் திம்புள்ளைப் பகுதித் தேயிலைக்கும் பருவகாலம். உலர்ந்த குளிர்காற்றில் கொழுந்து மெல்ல வளர்ந்து மணம் கூடும். தொழிற்சாலைக்குள் நுழையுமுன்பே அந்த மணம் வந்துவிடும். பறித்த கொழுந்தை நீண்ட தொட்டிகளில் பரப்பிக் காற்றடித்து ஒரு ராத்திரி முழுதும் வாட்டுகிறார்கள். பிறகு உருட்டி நசுக்குகிறார்கள். பச்சை இலை காற்றுப் பட்டுச் செம்பு நிறமாகும்போது எந்த நிமிடத்தில் அதை நிறுத்திச் சூட்டுக்கு அனுப்புவது என்பதில்தான் தேநீரின் தலைவிதி இருக்கிறது. இயந்திரம் எத்தனை வந்தாலும் அதை மூக்கால் முடிவு செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நாலரைக் கிலோ அளவு பச்சைக் கொழுந்து வேண்டும். இரண்டு இலை, ஒரு மொட்டு என்று ஒவ்வொன்றாகக் கிள்ளிச் சேர்த்த நாலரைக் கிலோ.

கிள்ளுகிற விரல்கள் யாருடையவை? 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை லூல்கந்துரைத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். அதற்கும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கிவிட்டார்கள். கங்காணிகளின் பின்னால், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியிலேயே காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் ஏராளம். 1869இல் கோப்பியில் இலைநோய் வந்து பயிர் அழிந்தது, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது, ஆட்கள் அவர்களேதான். சுதந்திரம் வந்த 1948இல் சட்டம் போட்டு அவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாடுகளுக்கிடையே பங்கு போட்டது. மிஞ்சியவர்களுக்கும் முழுக் குடியுரிமை கிடைக்க 2003 வரை ஆனது. நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று ஆண்டுக்கணக்காகப் போராடினார்கள். இலங்கை ரூபாயில்தான், அது 2021இல் கைக்கு வந்தது.

பங்களா வராந்தாவிலிருந்து பார்க்கும்போது எதிர்ச்சரிவில் வரிசையாகத் தகரக் கூரைகள் தெரியும். அவை தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். காலை நடையில் அந்தப் பாதையும் வரும். வேற்று மொழிக்காரர் கூடையைத் தூக்கிய பெண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். தமிழ் தெரிந்தவருக்கு வேறு வழி இருக்கிறது. “எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தீங்கம்மா?” என்று கேட்கலாம். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் போட்டது, இன்றைக்கு எத்தனை கிலோ ஆனது, பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது என்று பேச்சு வளரும். தாத்தாவின் தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதுவரை போகவும் கூடும். இந்த நான்கு இரவுகளில் பணத்தால் வாங்க முடியாத பகுதி அதுதான். தமிழ்ப் பயணி அதைத் தவறவிட்டுவிட்டுக் கணப்பின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தால் பெரிய இழப்பு.

டிசம்பர் முழுநிலாவிலிருந்து மே வரை சிவனொளிபாத மலை யாத்திரைக் காலம். தெளிந்த இரவில் மஸ்கெலியாப் பக்கம் மலைப்பாதை விளக்குகள் சரம்போல வானத்தில் தொங்கும். கால்வலி பொறுப்பவர் நல்லதண்ணியில் நள்ளிரவு தாண்டி ஏறத் தொடங்கினால் 2,243 மீட்டர் உச்சியில் சூரியனைப் பார்க்கலாம். அங்கிருக்கும் பாதச்சுவட்டைப் புத்தருடையது என்பாரும் சிவனுடையது என்பாரும் ஆதமுடையது என்பாரும் ஒரே படிக்கட்டில் ஏறுகிறார்கள். வழியில் தேநீர்க் கடைகள் இரவெல்லாம் திறந்திருக்கும்.

மலையிறங்கித் தெற்கே காலிக்குப் போக ஒரு பகல் முழுதும் வேண்டும். காலிக் கோட்டைக்கு நான்கு இரவுகள். போர்த்துக்கீசியர் தொடங்கி ஒல்லாந்தர் பெரிதாக்கிய கோட்டை அது; உள்ளே இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம், பள்ளிவாசல், நீதிமன்றம், 1755இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம் எல்லாம் சில தெருக்களுக்குள். 1865இல் நியூ ஓரியண்டல் ஹோட்டலாகத் திறந்த பழைய ஒல்லாந்தர் கட்டடம் இப்போது அமன்கல்லா. அதன் நீண்ட வராந்தாவில் மாலைத் தேநீர் குடித்துவிட்டு மதில்மேல் ஏறினால் ஊரே அங்கே நடந்துகொண்டிருக்கும். பட்டம் விடும் பையன்கள், குடையோடு காதலர்கள், ஐஸ்கிரீம் வண்டி. ஒரு காலையில் மிரிஸ்ஸாவுக்குப் போய்ப் படகேறலாம். இந்த மாதங்களில் நீலத்திமிங்கிலம் கரையிலிருந்து அதிகத் தூரம் இல்லாமலே வருகிறது. படகு திமிங்கிலத்தை விரட்டாமல் தள்ளி நிற்கிறதா என்று கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கொழும்புக்குத் திரும்பும் வழியில் பென்தோட்டைக்குப் பக்கத்தில் லுணுகங்கை. பாவா 1948இல் வாங்கிய பழைய ரப்பர்த் தோட்டம். சாகும்வரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அதை மாற்றி மாற்றிச் செதுக்கிக்கொண்டிருந்தார். பார்வைக்குக் குறுக்கே நின்ற குன்றின் தலையை இறக்கி, தூரத்துத் தாதுகோபத்தை வீட்டிலிருந்து தெரியும்படி செய்தார். அவர் புழங்கிய அறைகளில் இப்போது விருந்தினர் தங்கலாம். நேரம் இல்லாதவர் ஒரு மதியம் நடந்துவிட்டாவது போக வேண்டும்.

கடைசி இரவு கொழும்பு. 1864இல் திறந்த காலிமுக ஹோட்டலில் அறையெடுத்தால் அலை ஜன்னலுக்குக் கீழே வந்து அடிக்கும். மாலைத் திடலில் இறால் வடையும் கூட்டமும். அதற்கு முன் பகலில் ஒரு மணி நேரம் தேசிய அருங்காட்சியகத்துக்கு ஒதுக்க வேண்டும். 1911இல் காலியில் வாய்க்கால் மூடியாகக் கவிழ்ந்து கிடந்த ஒரு கல்லை எடுத்து அங்கே வைத்திருக்கிறார்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த கல்; அதில் பொறித்த ஆண்டு 1409. ஒரே கல்லில் மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை. மூன்றாவது மொழி தமிழ். தேனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு அளித்த பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று பட்டியல் ஓடுகிறது. எழுத்துகள் தேய்ந்திருக்கின்றன, பக்கத்தில் குனிந்து, விளக்கு வெளிச்சம் விழும் பக்கமாக நின்று பார்த்தால் சில எழுத்துகளை இன்றும் கூட்டிப் படிக்கலாம்.