வட்டுக்கும் திசை உண்டு

பணியின் பொருட்டு மும்பையிலும் தில்லியிலும் குடியேறிய நம்மவருள் பலர் இன்று கார் வைத்திருக்கிறோம். விடுமுறை வந்தால் கண்டாலாவுக்கோ சிம்லாவுக்கோ குடும்பத்துடன் மலையேறுகிறோம். ஏறியவர் இறங்கத்தானே வேண்டும்? இறக்கத்தில் நம்மைக் காப்பது பிரேக். அதன் ஓர் உறுப்பைப் பற்றியே இன்று பேசுகிறோம்.

1,000 கிலோ எடையுள்ள கார் 500 மீட்டர் உயரம் இறங்குகையில் வெளிப்படும் ஆற்றல், சுமார் 15 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியை எஞ்சினும் எதிர்க்காற்றும் ஏற்கின்றன. எஞ்சியது பிரேக்கில் வெப்பமாகிறது. அதைத் தாங்குவது, மெக்கானிக்குகள் ‘டிஸ்க்’ என்று சொல்லும் வார்ப்பிரும்பு வட்டு.

முன்சக்கரங்களின் வட்டு பெரும்பாலும் இரட்டைச் சுவர் உடையது. இரு சுவர்களுக்கும் நடுவே சிறு தகடுகள் நிற்கின்றன. வட்டு சுழலும்போது அவை மையத்திலிருந்து காற்றை இழுத்து விளிம்பின் வழியே வெளியேற்றுகின்றன. தகடுகள் நேராக இருப்பின் வட்டை எப்பக்கத்திலும் மாட்டலாம். வளைந்திருப்பின் வலத்துக்கு ஒன்று, இடத்துக்கு வேறொன்று.

கிணற்றடி மோட்டார் பம்பை நாம் அறிவோம். மின்கம்பிகளை மாற்றி இணைத்துவிட்டால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். தண்ணீர் குறைந்து விழும். வளைந்த தகடுள்ள வட்டின் கதையும் அதுவே. இங்கே குறைவது காற்று.

பழைய வட்டு தேய்ந்தபின் வேறு தயாரிப்பாளரின் வட்டை வாங்குவோர், அதன் முகத்திலுள்ள சாய்ந்த கோடுகளைக் கண்டு திசையை முடிவு செய்கின்றனர். இது தவறு. கோடுகளின் சாய்வு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். திசையை உணர்த்துவது உள்ளே இருக்கும் தகடே. வட்டைச் சக்கர இடத்தில் வைத்து, அதன் உச்சியில் விளிம்பு இடைவெளி வழியே பார்க்க வேண்டும். தகடுகளின் வெளிநுனி காரின் பின்புறம் சாய்ந்திருந்தால் திசை சரி. தகடுகள் நேராக இருந்து முகத்தில் மட்டும் கோடுகள் உள்ள வட்டாயின், தயாரிப்பாளரின் குறிப்பே வழிகாட்டி.

மாற்றி மாட்டினாலும் பிரேக் பிடிக்கும். ஊருக்குள் வேற்றுமையே தெரியாது. அபாயம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. நெடிய இறக்கத்தில் வட்டு ஆறாது. வெப்பம் பிரேக் எண்ணெயை எட்டும். டாட் 3 வகை எண்ணெய் புதிதாயிருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவி நிறையும், மிதி காலடியில் அமிழும், வண்டி நில்லாது.

ஆகவே, வட்டை மாற்றும் நாளில் பட்டறையில் சற்றுப் பொறுத்திருந்து, சக்கரம் மாட்டுமுன் இருபுறத்தையும் நாமே பார்ப்போம். மலைச்சரிவில் கியரைக் குறைத்து எஞ்சினையும் துணை கொள்வோம். ஐந்து நிமிடப் பார்வை, பின்னிருக்கையில் உறங்கும் குழந்தைகளுக்கு நாம் செய்யும் கடமையாகும்.