உப்பும் உடுவும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய நிகழ்ச்சியில் வானியலுக்கு என்ன வேலை என்று உங்களுட் சிலர் நினைக்கக்கூடும். உடுக்களையும் கோள்களையும் பற்றிப் பேச விஞ்ஞான ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நானோ இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிப்பவன். ஆயினும், தமிழ் வகுப்பிலேதான் அந்தக் கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது. புறநானூறு படிப்பித்துக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், எங்கட ஆக்களுக்கு இதெல்லாம் முந்தியே தெரியும் என்று சொல்லுகினம். உண்மையோ?” என்று கேட்டான். “ஓம்” என்றால் வகுப்பே கைதட்டியிருக்கும். “இல்லை” என்றால் பாடம் அத்தோடு முடிந்திருக்கும். இரண்டும் சரியான விடையல்ல என்பதே என் எண்ணம். அதற்கான காரணங்களையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலிற் புறநானூற்றின் 229ஆம் பாடலை நோக்குவோம். பாடியவர் கூடலூர் கிழார். பாடப்பட்டவன் கோச்சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. பங்குனி மாதத்து நள்ளிரவு ஒன்றிலே எரிமீன் விழுவதைப் புலவர் காண்கிறார். அரசனுக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சுகிறார். ஏழாம் நாள் அரசன் இறந்துபடுகிறான். இது கையறுநிலைப் பாடல். ஆனால் அந்த இரவை அவர் பதிவு செய்திருக்கும் விதமோ வியப்புக்குரியது. உச்சியில் நின்ற நாண்மீன் ஒன்று சாய்கிறது. அதற்கு எதிரே ஒன்று எழுகிறது. இன்னொன்று மேற்கே அடைகிறது. பழைய உரைகாரர் இவற்றை முறையே உத்தரம், மூலம், மிருகசீரிடம் என்று கொள்கிறார்.

இதைச் சரிபார்க்க முடியுமா? முடியும். மார்ச் மாதப் பிற்பகுதியில், நள்ளிரவு வேளையில், ஆனையிறவுக்குப் போய் நின்று பாருங்கள். குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் இணைக்கும் அந்த ஒடுங்கிய நிலத்திலே மலையுமில்லை, அடர்ந்த காடுமில்லை. இருபுறமும் நீரேரி, அடிவானம் வரை வெளி. உத்தரம் உச்சியைக் கடந்து மேற்கே சாயத் தொடங்கும் நேரத்தில், தென்கிழக்கிலே தேளின் வாலாகிய மூலம் தலைகாட்டும்; மேற்கிலே மிருகசீரிடம் நீரேரிக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். மூன்றும் ஒரே வேளையில் நிகழ்வதைக் கண்ணாற் காணலாம். புலவர் அலங்காரத்துக்காக நட்சத்திரப் பெயர்களை அடுக்கவில்லை, பார்த்ததையே சொன்னார்.

அப்படியானால் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்ததா? இல்லை. எரிமீன் என்பது மீனே அன்று. விண்வெளியில் அலையும் சிறு துகள் பூமியின் வளிமண்டலத்துள் விரைந்து நுழையும்போது உண்டாகும் ஒளிக்கீற்று அது. பெரும்பாலானவை மணற்பருக்கை அளவினவே. அரசனுடைய ஆயுளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கூடலூர் கிழாரின் கண் பிழைக்கவில்லை. அவர் காலத்து விளக்கம் பிழைத்தது. கண்டதும் கருதியதும் வேறு வேறு என்ற இந்தப் பாகுபாட்டை மாணவனுக்குக் கற்பித்துவிட்டால் அரைவாசி விஞ்ஞானத்தைக் கற்பித்தாயிற்று.

சங்கத் தமிழில் நாண்மீன், கோண்மீன் என்று இரு சொற்கள் உண்டு. பட்டினப்பாலை இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுகிறது. ஒன்றுக்கொன்று நிலை மாறாமல் நிற்பவை நாண்மீன்கள். அவற்றினூடே இடம்பெயர்ந்து திரிபவை கோண்மீன்கள். வெறுங் கண்ணாற் பல ஆண்டுகள் நோக்கினாலன்றி இந்த வேறுபாடு புலப்படாது. ஆனால், நாண்மீன் தன்னொளி உடையது என்பதும், கோள் ஞாயிற்றின் ஒளியையே திருப்பித் தருகிறது என்பதும் பிற்கால அறிவு. ஞாயிறும் ஓர் உடுவே. ஒவ்வொரு செக்கனும் ஏறத்தாழ 600 மில்லியன் தொன் ஐதரசனை அது ஈலியமாக மாற்றுகிறது. அந்தச் சத்தியே நமக்கு வெயிலாகிறது. ஆனையிறவில் உப்பை விளைவிப்பதும் அதுவே. அந்த ஒளி நம்மை வந்தடைய எட்டு நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாகும்.

எட்டுக் கோள்கள் ஞாயிற்றைச் சுற்றுகின்றன. உள்ளே இருக்கும் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்கும் பாறைக் கோள்கள். வெளியே வியாழன், சனி, யுரேனசு, நெப்தியூன் நான்கும் வாயுவும் பனியும் மிகுந்த பெருங்கோள்கள். ஒன்பதாவது என்று நாம் படித்த புளூட்டோ 2006இல் குறுங்கோள் வகைக்கு மாற்றப்பட்டது. யுரேனசுக்கு வளையங்கள் உண்டென்பது 1977 மார்ச் 10இல் தெரியவந்தபோது, அதைக் கண்ட ஆய்வுநிலையங்களுள் ஒன்று தமிழ்நாட்டின் சவ்வாது மலையிலுள்ள காவலூர் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

இந்த ஞாயிற்றுத் தொகுதி பால்வீதி என்னும் பெருந்திரளில் ஓர் ஓரத்துக் குடிசை போன்றது. பால்வீதியில் 100 பில்லியனுக்கு மேற்பட்ட உடுக்கள் உள்ளன. குறுக்களவு ஏறத்தாழ ஓர் இலட்சம் ஒளியாண்டு. நடுவிலிருந்து நாம் ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு தள்ளியிருக்கிறோம். நடுவிலே ஞாயிற்றைப் போல நான்கு மில்லியன் மடங்கு திணிவுள்ள கருந்துளை ஒன்று இருக்கிறது. அதன் படம் 2022 மே மாதத்தில் வெளியாயிற்று. பால்வீதியைப் போன்ற திரள்கள் அண்டவெளியில் எண்ணற்றவை. அண்மையிலுள்ள பெருந்திரளான அந்திரோமீடாவின் ஒளி நம்மிடம் வர 25 இலட்சம் ஆண்டு செல்கிறது.

இங்கேதான் ஆசை காட்டும் பொறி ஒன்று இருக்கிறது. பால்வீதியின் நடு எந்தத் திசையில் இருக்கிறது தெரியுமா? மூல நட்சத்திரத்துக்கு அருகிலே. மூலம் என்றால் வேர், அடி, தொடக்கம். ‘பார்த்தீர்களா, நம் முன்னோர் பால்வீதியின் மூலத்தை அறிந்தே அதற்கு அப்பெயரை வைத்தார்கள்’ என்று மேடையில் முழங்கலாம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் பால்வீதிக்கு ஒரு நடு உண்டென்றும், நாம் அங்கே இல்லையென்றும் ஹார்லோ ஷாப்லி காட்டியது 1918இல்தான். அதற்கு முன் அதை அறிந்துகொள்ள வழியில்லை. அறிந்ததற்கு நூற் சான்றுமில்லை. பெயர்ப் பொருத்தம் தற்செயலானது. தற்செயலைச் சான்றென்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், நாளைக்கு அவர்கள் வேறொருவர் சொல்லும் பொய்யையும் அதே தராசில் நிறுத்து ஏற்றுக்கொள்வார்கள்.

அப்படியானால் நாம் பெருமைப்பட ஏதுமில்லையா? உண்டு. அது மெய்யான பெருமை. 1825இல் புதுச்சேரியிலே பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சோழிகளைத் தரையிற் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு சந்திர கிரகணமொன்றைக் கணித்துக் காட்டினார். ஜோன் வாரன் என்பவர் அதைப் பதிவு செய்தார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவருடைய பிழை நான்கே நிமிடம். முடியும் நேரத்திலோ 52 நிமிடம். ஏடுமில்லை, எழுதுகோலுமில்லை. எண்களைச் சொற்களுக்குள் ஒளித்துவைத்து, அச்சொற்களை வாக்கியங்களாக்கி, வாக்கியங்களை நெட்டுருப் பண்ணியிருந்தார்கள். சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள். நம் வீடுகளிலே உள்ள வாக்கிய பஞ்சாங்கத்தின் பெயர்க் காரணம் இதுவே. இலக்கிய நேயர்களே, வானக் கணிதத்தை மொழியின் மடியிலே வளர்த்த மரபு இது. வானியல் வரலாற்றறிஞர் ஒட்டோ நியூகெபவர் 1952இல் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

ஆனால் நெட்டுருவுக்கு ஒரு குறை உண்டு. அது தன்னைத் தானே திருத்திக்கொள்வதில்லை. 1829 மார்ச் மாதத்துச் சந்திர கிரகணத்தின்போது யாழ்ப்பாணத்தில் இது வெளிப்பட்டது. விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்புக்கும் வட்டுக்கோட்டைச் செமினரியில் டானியல் பூர் பாதிரியாரின் கணிப்புக்கும் வேறுபாடு இருந்தது. கிரகணம் செமினரியின் கணிப்பையே ஒட்டி நிகழ்ந்தது. பாதிரிமார் அதைச் சமயவாதத்துக்குப் பயன்படுத்தியது வேறு கதை. நாம் கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே: வானம் எவர் பக்கமும் சாயாது. அதே மண்ணில், காரைநகரைச் சேர்ந்த ஆலன் ஆபிரகாம், தமிழும் கணிதமும் ஒருங்கே கற்றவர், 1910இல் ஹேலி வால்வெள்ளியின் போக்கைக் கணித்துப் புகழ் பெற்றார். தோல்விக்குப் பின் கணக்கைப் புதிதாகக் கற்றுக்கொண்ட சமூகத்தில் அவர் தோன்றினார்.

இனி ஆனையிறவு உப்புக்கு வருகிறேன். உப்பு என்பது சோடியமும் குளோரீனும் சேர்ந்தது. சோடியம் எங்கே பிறந்தது? ஞாயிற்றைப் போன்ற சிறு உடுவில் அது பெருமளவில் உண்டாவதில்லை. ஞாயிற்றைவிடப் பல மடங்கு திணிவுள்ள பேருடுக்களின் அகட்டிலே, காபன் எரியும் கடும் வெப்பத்தில் உண்டாகிறது. அந்தப் பேருடுக்கள் வெடித்துச் சிதறியபோது அது வெளியே வந்தது. வாயு முகில்களிற் கலந்தது. அம்முகிலொன்றிலிருந்து 460 கோடி ஆண்டுகளுக்கு முன் ஞாயிறும் பூமியும் திரண்டன. பின்பு பாறை கரைந்து கடலாயிற்று. கடல்நீர் பாத்தியிலே காய்ந்து உப்பாயிற்று. சிவபெருமானுக்குரிய நாளாக நாம் போற்றும் திருவாதிரை அத்தகைய பேருடுவே. அதை ஞாயிற்றின் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும். அதுவும் ஒருநாள் வெடிக்கும். உடுக்கள் எப்படி இறக்கின்றன என்ற கேள்விக்கு விடை காணும் வழியைத் திறந்தவர்களுள் ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரியிற் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலே அவர் போட்ட கணக்குக்கு 1983இல் நோபல் பரிசு கிடைத்தது.

திருவாசகத்தின் திருவண்டப் பகுதியில் மாணிக்கவாசகர் எண்ணிறந்த அண்டங்களை, வீட்டுக்குள் நுழையும் வெயிற் கதிரில் மிதக்கும் நுண்ணிய தூசுக்கு ஒப்பிடுகிறார். இதை விஞ்ஞானப் பாடமாக்குவோர் உளர். அது தேவையில்லை. அவர் அளவெடுக்கவில்லை, இறைவனின் பெருமைக்கு முன் தம் சிறுமையை உணர்ந்தார். தொலைநோக்கி தூரத்தைச் சொல்லும். அந்தத் தூரத்தின் முன் மனிதன் எப்படி நிற்பது என்பதைக் கவிதை சொல்லும். இரண்டும் வேண்டும். ஒன்றை மற்றதற்குச் சாட்சியாக இழுப்பது இரண்டையும் சிறுமைப்படுத்துவதாகும்.

என் தலைமுறைக்கு இதிலே ஒரு தனிக் கவலையும் உண்டு. 1990களில் மின்சாரமில்லாத இரவுகளிலே வளர்ந்தவர்கள் நாங்கள். வானம் முழுவதும் வெள்ளி பூத்துக் கிடந்தது. ஆனால் நாங்கள் அண்ணாந்து பார்த்தது வெள்ளிகளையல்ல. விமானம் வருகிறதா என்றே பார்த்தோம். பரா வெளிச்சத்தை அறிந்த அளவுக்குத் திருவாதிரையை அறியவில்லை. அந்த வெளியிலே போர்கள் நடந்தன. 1990இல் உப்பளம் நின்றது. 2025 மார்ச்சில் உப்புத் தொழிற்சாலை மீளவும் திறக்கப்பட்டது. 2010 சனவரி 15இலும் 2019 டிசம்பர் 26இலும் வடக்கின் வானிலே கங்கண சூரிய கிரகணங்கள் தோன்றின. அந்த நாள்களில் மக்கள் அச்சமின்றி வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்கள். அது சிறிய காரியமல்ல.

ஆகவே, அந்த மாணவனின் கேள்விக்கு என் விடை இது: நம் முன்னோர் கூர்ந்து பார்த்தார்கள், கவனமாக எண்ணினார்கள், கண்டதை அழகான தமிழிற் சொன்னார்கள். அவர்களுக்குத் தெரியாதவையும் பல. அவர்களை மதிப்பதென்றால், அவர்கள் அறியாததை அவர்கள் தலையில் ஏற்றுவதல்ல. அவர்களைப் போல நாமும் வெளியே வந்து பார்ப்பதே.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவு முற்றத்து விளக்கைச் சற்று நேரம் அணைத்துவிடுங்கள். கார்த்திகை மீன் தெரிகிற காலமாயின் பிள்ளைக்குக் காட்டுங்கள். எத்தனை வெள்ளி தெரிகிறது என்று அவனையே எண்ணச் சொல்லுங்கள். அந்த ஒளி ஏறத்தாழ 440 ஆண்டுகளுக்கு முன், யாழ்ப்பாணத்தில் நம் அரசர் ஆண்ட காலத்திற் புறப்பட்டது என்று சொல்லுங்கள். அவன் “எப்படித் தெரியும்?” என்று கேட்டால் மகிழுங்கள். அந்தக் கேள்வியே வானியலின் தொடக்கம்.