ஆசனப் பெயர்களும் அவற்றின் பொருளும்
(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது சங்க மண்டபத்தில் நாடோறும் காலை ஒரு நாழிகை யோகாசனப் பயிற்சி நடத்தல் வேண்டுமென்று இளைஞர் சிலர் விண்ணப்பம் செய்திருப்பதையும், அதுபற்றிப் பெரியோர் சிலர் ஆட்சேபங் கூறியிருப்பதையும் தாங்கள் அறிவீர்கள். ஆட்சேபங்கள் மூன்று. யோகம் துறவிகளுக்குரியது, இல்லறத்தாருக்கு ஆகாது என்பது ஒன்று. ஆசனப் பெயர்கள் யாவும் வாயில் நுழையாத வடசொற்கள், அவை நமக்கு அந்நியம் என்பது மற்றொன்று. பெண்மக்கள் இதிற் சேர்தல் தகாது என்பது மூன்றாவது. இம்மூன்றையுங் குறித்து எமக்குத் தோன்றியவற்றைச் சொல்லுமாறு காரியதரிசியவர்கள் பணித்தனர். யாம் யோகியுமல்லேம், வைத்தியருமல்லேம். ஆசனங்களின் பெயர்ப்பொருளை ஆராய்ந்து பார்த்ததில், ஆட்சேபங்களுக்கு விடை அப்பெயர்களுக்குள்ளேயே இருக்கக் கண்டோம். அதனையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

முதலில் யோகம் என்னுஞ் சொல்லை நோக்குவோம். இது ‘யுஜ்’ என்னும் வடமொழித் தாதுவிற் பிறந்தது. சேர்த்தல், பூட்டுதல் என்பன அதன் பொருள். எருதை நுகத்திற் பூட்டுவதற்கும் அத்தாதுவே வழங்கும். அடங்காது திரியும் மனமென்னும் எருதை ஒருவழிப்படப் பூட்டுதலே யோகம் என்றால், ஏர்ப்பூட்டி வாழ்ந்த குடியிற் பிறந்த நமக்கு இதனினும் விளக்கமான உவமை வேண்டுமோ? ஆசனம் என்பது ‘ஆஸ்’, அதாவது இருத்தல், என்னும் தாதுவினடியாக வந்தது. நம் மொழியில் இருக்கை. திருமூலர் அதனை ஆதனம் என்பர்.

பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் ஏறக்குறைய இருநூறு. அவற்றுள் ஆசனத்தைப் பற்றியன மூன்றே; அம்மூன்றிலும் ஓராசனத்தின் பெயரேனும் இல்லை. உறுதியாகவும் சுகமாகவும் இருப்பது எதுவோ அதுவே ஆசனம் என்பது அவர் கொள்கை. பெயர்களை அடுக்கியவர் பின்வந்தோர். நமது திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரிக்குமிடத்துப் பத்திரம், கோமுகம், பங்கயம், கேசரி, சொத்திரம், வீரம், சுகாதனம் என ஏழனைச் சிறப்பித்துச் சொல்லி, இன்னும் பல உளவென்கின்றது. பதினைந்தாம் நூற்றாண்டளவில் சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகை 15 ஆசனங்களை விளக்குகின்றது. அதன்பின் தோன்றிய கேரண்ட சம்ஹிதை 32 ஆசனங்களைக் கூறுகின்றது. சிவபெருமான் அருளியவை 84 என்பது மரபு. ஆதலின் தமிழில் இவ்வித்தை நேற்று வந்து புகுந்ததன்று என்பது தெளிவு.

இனிப் பெயர்களுக்கு வருவோம். ‘ஹலாசனம்’ என்பது ஒன்று. ஹலம் என்றால் கலப்பை. மல்லாந்து படுத்து, இரு கால்களையுஞ் சேர்த்து உயர்த்தித் தலைக்கு அப்பால் கொண்டுபோய், விரல்நுனி தரையைத் தொடும்படி வைத்தல் இதன் முறை. உடல் வளைந்து கலப்பைபோற் காணும். விரல் ஊன்றுமிடமே கொழு. பிரதீபிகையின் பதினைந்திலும் கேரண்டரின் முப்பத்திரண்டிலும் இப்பெயர் இல்லை; இக்காலத்துப் பயிற்சிகளில் மிகுதியாக வழங்குகின்றது. கலப்பைக்குப் பழந்தமிழில் வேறொரு பெயருண்டன்றோ? நாஞ்சில்! நம் நாட்டின் பெயரே அது. ஹலாசனம் என்பதைத் தமிழாக்கினால் ‘நாஞ்சில் இருக்கை’ என்றாகும். நாஞ்சில் நாட்டார் நாஞ்சில் இருக்கையை அந்நியம் என்று தள்ளுவது எங்ஙனம்?

‘தாடாசனம்’ என்பது நேராக நிமிர்ந்து நிற்கும் நிலை. தாடம் என்பதற்கு மலையெனப் பொருள் கொள்வாருமுளர், பனையெனக் கொள்வாருமுளர். மலையாயின் நமது மேற்கு மலைத்தொடர் அதற்கு இலக்கணம். பனையாயின் குமரிக் கரையிலும் தேரியிலும் கடற்காற்றுக்குச் சாயாது நிற்கும் மரத்தை ஒருமுறை நோக்கினாற் போதும்; பாதத்தை ஊன்றி உச்சியை உயர்த்துதல் எவ்வாறென்று குழந்தையும் அறிந்துகொள்ளும். ‘பத்மாசனம்’ தாமரை, திருமூலர் கூறும் பங்கயம் அதுவே. சேற்றில் வேரூன்றியும் சேறு படாது மலர்வது தாமரை. கால்கள் மண்ணில் மடிந்து கிடக்க, நெஞ்சு நிமிர்ந்து விரிவதை அப்பெயர் உணர்த்துகின்றது. ‘தனுராசனம்’ வில். கைகள் கணுக்காலைப் பற்ற, கைகளே நாணாகவும் உடலே வில்லாகவும் அமையும்.

பிராணிகளின் பெயர் பெற்றவை பல. ‘புஜங்கம்’ என்பது வளைந்து செல்வது, பாம்பு. படமெடுத்தாற்போல் மார்பை உயர்த்துதல். ‘சலபம்’ வெட்டுக்கிளி. ‘குக்குடம்’ சேவல். ‘கூர்மம்’ ஆமை. ‘மயூரம்’ மயில்; நஞ்சுடைய பாம்பையும் உண்டு செரிக்கும் பறவையென்று பெயர் பெற்றது. வயிற்றை முழங்கைகளின்மேல் தாங்கும் அவ்வாசனம் சீரண சக்தியைப் பெருக்குமென்று பிரதீபிகை புகழ்வதும் அக்கருத்துப் பற்றியே. ‘கோமுகம்’ பசுவின் முகம். திருமூலரின் கேசரியைப் பிறர் சிம்மாசனம் என்பர். வயலிலும் வாய்க்காலிலும் தொழுவத்திலும் நாம் நாடோறுங் கண்டவற்றையே ஆசிரியர்கள் பெயராக இட்டனர். காட்சியைக் கண்ணிற் கொண்டவனுக்கு முறையும் எளிதில் விளங்கும்.

‘மத்ஸ்யாசனம்’ வேறு, ‘மத்ஸ்யேந்திராசனம்’ வேறு. முன்னது மீனின் நிலை. பின்னது மத்ஸ்யேந்திரநாதர் என்னும் நாத யோகியின் பெயர் தாங்கிய முறுக்கு நிலை. சிவபெருமான் உமையம்மைக்கு உபதேசித்ததை நீருள்ளிருந்து கேட்டு ஞானம் பெற்றவர் அவரென்பது கதை. தமிழ்ச் சித்தர் வரிசையில் மச்சமுனி, கோரக்கர் என்னும் பெயர்கள் இருப்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

‘பச்சிமோத்தானாசனம்’ என்பதைக் கேட்டுப் பலர் மலைக்கின்றனர். காலை நீட்டி அமர்ந்து முன்குனிவதுதான் அது. பச்சிமம் மேற்கு, உத்தானம் நன்கு நீட்டுதல். முன்குனிவதற்கும் மேற்குத் திசைக்கும் என்ன சம்பந்தம்? கதிரவனை நோக்கிக் கிழக்குமுகமாக அமர்ந்தவனுக்கு முதுகே மேற்கு. ஆகவே முதுகுப்புறம் முழுவதையும் நீட்டுதல் என்பது பொருள். கடலிற் கதிர் எழுவதையும் கடலிலே அது மறைவதையும் ஒரே கரையில் நின்று காணும் குமரி நாட்டாருக்கு இதனை விளக்க வேறு உதாரணம் வேண்டா.

இன்னும் சில சொற்களை மனனம் செய்துகொண்டால் நீண்ட பெயரெல்லாம் தாமே அவிழ்ந்துவிடும். அர்த்தம் என்பது பாதி, ஏகபாதம் ஒருகால், ஊர்த்துவம் மேல்நோக்கியது, அதோமுகம் கீழ்நோக்கிய முகம், பரிவிருத்தம் திருகியது, திரிகோணம் முக்கோணம், சர்வாங்கம் எல்லா உறுப்பும். ‘அதோமுக சுவானாசனம்’ என்பது தலைகுனிந்து சோம்பல் முறிக்கும் நாய், அவ்வளவே!

பயிற்சி முறைகளின் பெயரிலும் மயக்கமுண்டு. ‘ஹடம்’ என்பதன் நேர்ப்பொருள் வலிந்து முயலுதல்; ஹகாரம் சூரியனையும் டகாரம் சந்திரனையும் குறிக்குமென்று மரபினர் விரித்துரைப்பர். ‘அஷ்டாங்கம்’ என்பது இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்னும் எட்டுறுப்பு. இக்காலத்தில் அப்பெயராலேயே வழங்கும் விரைந்த பயிற்சியொன்று மைசூரில் பட்டாபி ஜோயிஸ் (1915–2009) கற்பித்தது. மூச்சோடு அசைவை இணைத்து வைத்தலாகிய ‘விந்யாசம்’ அதன் உயிர். அவருக்கும், ஒவ்வோராசனத்திலும் உறுப்புகளின் ஒழுங்கை வற்புறுத்திய பி. கே. எஸ். ஐயங்காருக்கும் (1918–2014) ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாசாரியார் (1888–1989). சூரிய நமஸ்காரத்தை இன்றைய தேகப்பயிற்சியாகப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் ஔந்து சமஸ்தானத்து அரசர். அது 1920-களில் நிகழ்ந்தது. ஆதலின் இன்று காண்பனவெல்லாம் ஆதிகாலத்தவை என்று பெருமை பேசுதலும் தவறு. எல்லாம் புதியவை என்று இகழ்தலும் தவறு.

அயல்நாட்டார் பலர் ‘சிவானந்த யோகம்’ என்று போற்றுவது யாருடைய பெயரால்? நமக்கு அண்மையில், திருநெல்வேலிச் சீமைப் பத்தமடையில் 1887-ம் ஆண்டிற் பிறந்து, மலேயாவில் வைத்தியராயிருந்து, பின் ரிஷிகேசத்தில் 1936-ல் தெய்வநெறிக் கழகத்தை நிறுவிய சுவாமி சிவானந்தரின் பெயராலேயாம். நமது குமரிமுனையிலோ, 1892 டிசம்பரில் சுவாமி விவேகானந்தர் கடற்பாறைமேல் தியானத்தில் அமர்ந்தார். 1896-ல் வெளிவந்த அவரது ராஜயோக நூலில், ஆசனத்துக்கு வேண்டுவது மார்பும் கழுத்தும் தலையும் நேர்நிற்க அமர்தலே என்று சுருங்கக் கூறினார். அப்பாறையில் 1970-ல் நினைவு மண்டபம் எழுந்தது. 1972-ல் ஏகநாத் ரானடே தொடங்கிய விவேகானந்த கேந்திரம் யோகப் பயிற்சி முகாம்களை நடத்தி வருகின்றது. எங்கிருந்தோ வருவார் இங்கே கற்றுச் செல்ல, அருகிலிருப்பார் கல்லாதிருத்தல் விளக்கினடியில் இருள் போலாம்.

இனி ஆட்சேபங்கள். யோகம் துறவிக்கே என்பார்க்கு ஒன்று கூறுவோம். நம் பகுதி திருவிதாங்கூரோடு இணைந்திருந்த காலத்தில், தைக்காட்டு அய்யாவு சுவாமிகள் (1814–1909) என்னும் தமிழ்ப் பெரியார் திருவனந்தபுரத்துத் தைக்காட்டு ரெஸிடென்ஸியில் மேலாளராக அலுவல் பார்த்தும், மனைவி மக்களோடு இல்லறம் நடத்தியும் வாழ்ந்தவர். சட்டம்பி சுவாமிகளுக்கும் நாராயண குருவுக்கும் யோகம் பயிற்றியவர் அவரே. நாராயண குரு பின்னர் நமது மருந்துவாழ்மலைக் குகையிலே தவமிருந்தார். கற்பித்தவர் ஒரு சாதி. கற்றவர் வெவ்வேறு சாதி. சாதிச் சங்கத்தின் மேடையில் நின்று யாம் இதனைச் சொல்லுதல் சாலப் பொருந்தும்: இருக்கைக்குச் சாதியில்லை. நம் மண்டபத்துப் பயிற்சிக்கு அயலார் வீட்டுப் பிள்ளை வந்து நின்றாலும் பாய் விரித்தல் வேண்டும்.

பெண்மக்கள் சேரலாமோ என்பார்க்கு, விருட்சாசனத்தை எடுத்துக் காட்டுவோம். ஒரு காலில் மரம்போல் நிற்பது அது. நம் தேவி கன்னியாகுமரி ஒற்றைக் காலில் நின்று தவம் புரிந்தாளென்பது நம் பாட்டிமார் சொன்ன கதை. ஸ்ரீபாதப் பாறையில் அவ்வடையாளத்தை வணங்குகின்றோம். கன்னிப்பெண்ணின் தவத்தால் பெயர்பெற்ற நாட்டில், பெண்கள் ஒற்றைக் காலில் நிற்றல் தகாதென்று யார் சொல்வது? கிருஷ்ணமாசாரியாரும் 1937-ல் இந்திரா தேவி என்னும் அயல்நாட்டுப் பெண்மணியை முதலில் மாணவியாக ஏற்க மறுத்து, மைசூர் மன்னர் சொல்லியபின் ஏற்றார். அப்பெண்மணியே பின்னர் பல தேசங்களில் இவ்வித்தையைப் பரப்பினார்.

இவ்வளவும் கூறியபின் எமது பிழையொன்றையும் சொல்லாமல் அமர்தல் முறையன்று. சில ஆண்டுகட்கு முன் ஒரு விழா மேடையில் நம்மவர் வீட்டுச் சிறுவனொருவன் சிரசாசனஞ் செய்தான். சபையோர் கைதட்டினர், ‘இன்னும், இன்னும்’ என்று கூவினர். கூவியவருள் யாமும் ஒருவரே. பையன் காலம் நீட்டித்துக் கழுத்துத் தளர்ந்து சாய்ந்தான்; மூன்று வாரம் தலை திருப்பமாட்டாது படுக்கையிற் கிடந்தான். அவன் தாய் எம்மை ஒன்றுங் கேட்கவில்லை. ‘ஸ்திரம், சுகம்’ என்னும் இரண்டையும் மறந்து வேடிக்கையை விரும்பியது நமது குற்றம்.

மாமல்லபுரத்தில் பல்லவர் செதுக்கிய பெரும்பாறைச் சிற்பத்தில், கைகளை உயர்த்தி ஒற்றைக் காலில் தவம் புரிவானொருவன் உளன். அங்கேயே கீழே ஒரு பூனையும் அவ்வாறே கை தூக்கி நிற்கின்றது. எலிகள் அதனைச் சூழ்ந்துள்ளன! நிலை ஒன்றே, நோக்கம் வேறு. கைதட்டலுக்காகச் செய்யும் ஆசனம் பூனையின் தவமேயாம்.

ஆகவே சங்கத்தாருக்கு யாம் செய்யும் விண்ணப்பம் இது. பயிற்சி தொடங்கட்டும், தக்க ஆசிரியரைக் கொண்டு தொடங்கட்டும். ஒவ்வோராசனத்தையும் பெயரும் பொருளுஞ் சொல்லிக் கற்பிக்கட்டும். ஆண்டு விழாவில் ஆசனப் போட்டி வேண்டா. இரத்த அழுத்தம், கண்ணழுத்த நோய், கழுத்து வலி உடையோரும் கருவுற்ற தாய்மாரும் வைத்தியரைக் கலவாது தலைகீழ் நிலைகளையும், ஹலாசனத்தையும் செய்தலாகாது. அன்னோர்க்குச் சுகாசனமும் சவாசனமும் உள. பிணம்போற் கிடத்தல் என்னும் சவாசனம் எளிதென்று நினைக்க வேண்டா. கவலையெல்லாம் விட்டுக் கால் நாழிகை கிடத்தல் நம்மில் எத்தனை பேருக்கு இயலும்?

நம் வயல்களில் இன்று டிராக்டர் ஓடுகின்றது. மரக்கலப்பை பரணில் ஏறிவிட்டது. நாஞ்சில் என்றால் என்னவென்று நம் பேரக்குழந்தைகள் கேட்குங் காலம் வந்துவிட்டது. நாளைக் காலை இம்மண்டபத்தில் அவர்கள் உடல் வளைத்து விரல் ஊன்றும்போது, ‘இதுதானடா நாஞ்சில்’ என்று ஒரு பெரியவர் அருகிருந்து சொல்லுவாராயின், பயிற்சியும் பெயரும் ஒருங்கே பிழைக்கும்.