அறிக்கை எழுதும் கை நம்முடையதாகட்டும்



தோட்டத்துப் பிள்ளை குற்றவியல் நீதியில் பட்டம் படிப்பது பயனா, வீணா? பயன் என்று வாதாட வந்திருக்கிறேன்.

"டாக்டருக்குப் படி, வாத்தியாருக்குப் படி. போலீசும் கோர்ட்டும் நமக்கெதற்கு?" என்று கேட்டார் எதிரணித் தலைவர். ஐயா, நாம் ஒதுங்கினாலும் அவை நம்மை விடுவதில்லையே! ஒப்பந்தக் கூலியாக வந்த நம் முன்னோர் தோட்டத்தைவிட்டு ஓடினால் சிறைக்குத்தான் போனார்கள். அந்த முறை 1910இல் ஒழிந்தது; போலீசும் கோர்ட்டும் நம்மை விட்டபாடில்லை. 2013இல் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, அவற்றில் இருப்பவர்களில் 10க்கு 7 பேர் இந்தியர் என்றது. நாட்டு மக்கள்தொகையில் நாம் 100க்கு 7 பேர்கூட முழுதாக இல்லை. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எப்படி ஐயா நிம்மதியாகத் தூங்குவது?

குகனை மறந்திருக்க மாட்டீர்கள். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா தைப்பான் காவல் நிலையத்தில் இறந்த இளைஞர். நுரையீரலில் நீர் கோத்து இறந்தார் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. பெற்ற தாய் அதை ஏற்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இரண்டாவது பரிசோதனை நடந்தது. அடிபட்டுத் தசைகள் சிதைந்து, அதனால் சிறுநீரகம் செயலிழந்தது என்று அது காட்டியது. 2013இல் உயர்நீதிமன்றம் காவல்துறையைப் பொறுப்பாக்கி, அந்தத் தாய்க்கு எட்டு லட்சம் வெள்ளிக்கு மேல் இழப்பீடு வழங்கச் சொன்னது. உடல் ஒன்று, அறிக்கை இரண்டு. தாயின் கண்ணீர் மட்டும் அந்த வழக்கை வெல்லவில்லை. காயத்தைப் படிக்கத் தெரிந்தவர் எழுதிய அறிக்கையும் சேர்ந்துதான் வென்றது.

இதைவிடப் பெரிய காரியம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாருமே பேசுவதில்லை.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போன இடங்களில் வீடமைப்பு எழுந்தது. தோட்டத்தைவிட்டுப் பெயர்ந்த குடும்பம் அடுக்குமாடியில் குடியேறுகிறது. அப்பாவும் அம்மாவும் செனவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கூடாத சேர்க்கையில் சேர்ந்து பிடிபடுகிறான் என்று வையுங்கள். 2001ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டப்படி அவன் சிறுவர் நீதிமன்றத்தில் நிற்கிறான். குற்றம் உறுதியானால், மாஜிஸ்திரேட் உத்தரவு போடுமுன் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைப் பார்த்தாக வேண்டும். பையனின் வீடு எப்படி, பள்ளியில் எப்படி, குணம் எப்படி என்றெல்லாம் அதில் இருக்கும். அவன் வீட்டுக்குத் திரும்புவானா, தெலுக் மாஸ் ஹென்றி கர்னி சீர்திருத்தப் பள்ளிக்குப் போவானா என்பதில் அந்தச் சில பக்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதை எழுத ஓர் அதிகாரி வீட்டுக்கு வருகிறார். நல்லவராகவே இருக்கட்டும். நம் அப்பா தெரிந்த மலாயில் தயங்கித் தயங்கிப் பதில் சொல்கிறார். "தந்தை குடிப்பவர், வீட்டில் கண்காணிப்பு இல்லை" என்று தாளில் ஏறிவிடுகிறது. அம்மா ஷிப்டுக்குப் போகும் நாளெல்லாம் பக்கத்து வீட்டு அத்தைதான் அவனுக்குச் சோறு போடுகிறார், கோயில் திருவிழாவில் முதல் ஆளாக நின்று தண்ணீர் சுமப்பவன் அவன், தமிழ்ப்பள்ளி ஆசிரியை இன்றும் அவனை விசாரிக்கிறார் என்பதெல்லாம் அந்தத் தாளுக்கு எப்படி வந்து சேரும்? கேட்கத் தெரிந்தவர் கேட்டால்தானே வரும்! லின்சம், சுவா பெத்தோங், ஜெரம் பாடாங் போன்ற தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி தானாக வரும். அந்தக் கேள்வியைச் சட்டம் ஏற்கும் மொழியில் எழுதக் கற்றுத் தருவதுதான் இந்தப் படிப்பு.

"இந்தப் பட்டத்தால் வக்கீலாக முடியாதே, போலீஸ் கான்ஸ்டபிளுக்கு எஸ்.பி.எம். தேர்ச்சியே போதுமே" என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். வக்கீலாக விரும்பும் பிள்ளை சட்டமே படிக்கட்டும். ஆனால் சமூகநல இலாகாவிலும் சிறை மறுவாழ்விலும் போதை மீட்பிலும் அமர்ந்து ஒரு மனிதனைப் பற்றி எழுதுபவர் யார்? அங்கேதானே நாம் குறைவு! வேலை கைமேல் காத்திருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். அரசுப் பணிக்கு மலாய் மொழியில் நல்ல தேர்ச்சி வேண்டும், நேர்முகத் தேர்வு உண்டு. பெற்றோர்களே, பி.டி.பி.டி.என். கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போடுமுன் அந்தப் பட்டத்துக்கு எம்.கியூ.ஏ. தர அங்கீகாரம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

வேலைக்கு முன்னாலும் ஒரு பயன் இருக்கிறது. நள்ளிரவில் பக்கத்து வீட்டுப் பையனைப் பிடித்துப் போனால் நாம் யாரை எழுப்புகிறோம்? அரசியல் கட்சிக்காரரை. இனி, படித்த பிள்ளையை எழுப்பலாம். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், குடும்பத்துக்கும் வக்கீலுக்கும் தகவல் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு, தேசியச் சட்ட உதவி அறநிறுவனம் ரிமாண்டுக்கு இலவசமாக வக்கீல் அனுப்பும் என்று அந்தப் பிள்ளை சொல்லும்.

கடைசியாக, "பெண் பிள்ளைக்கு இது ஆகாது" என்ற வாதம். நடுவர் அவர்களே, சிறுவர் நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்கள் அமர்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருந்தே ஆக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்த நாற்காலியில் நம் தோட்டத்துப் பெண் ஏன் அமரக் கூடாது என்பதற்கு எதிரணி ஒரே ஒரு காரணம் சொல்லட்டும்.