வேலியோர மரமும் அண்டை வீட்டாரும்



நம் ஊரில் வேலியோரம் தென்னையோ புளியோ முருங்கையோ நிற்காத தெரு குறைவு. அதனால் வரும் சச்சரவும் குறைவில்லை. முதல் பேச்சே, "மரம் யாருடையது?" என்பதுதான். நபி (ஸல்) அவர்களிடம் வந்த ஒரு வழக்கில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

ஸமுரா (ரலி) அவர்களின் பேரீச்ச மரம், அன்சாரித் தோழர் ஒருவரின் தோட்டத்துக்குள் நின்றது. அவர் குடும்பத்தோடு அங்கே இருந்தார். மரத்துக்காக ஸமுரா உள்ளே வருவது வீட்டாருக்குச் சங்கடம். விற்கக் கேட்டார்கள், மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், நன்மையை நாடி அன்பளிப்பாகவாவது தரும்படி நபியவர்களே கேட்டார்கள். அவர் இசையவில்லை. அதன் பிறகே மரத்தைப் பிடுங்கிவிடச் சொன்னார்கள். அபூதாவூதில் வரும் செய்தி இது. (அறிவிப்பாளர் தொடர் பற்றி ஆலிம்களிடையே பேச்சுண்டு.)

எங்கள் அத்தா வைத்த தென்னை, பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் சாய்ந்திருந்தது. மட்டை விழுந்து ஓடு உடைந்தும் அந்த அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல பழக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒருநாள் உள்ளே போனபோது, அந்த ஓட்டுக்குக் கீழேதான் பேத்திக்குத் தொட்டில் கட்டியிருந்தார்கள். மறுநாளே ஆள்விட்டு வெட்டினேன்.

விழும் நிலையில் உள்ள மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ கோட்டாட்சியர் உத்தரவிடலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152ஆம் பிரிவு. அதுவரை போக வேண்டாம். மழைக்கு முன் மட்டை கழிக்க, மரமேறுபவர் கூலிக்கு வழியில்லாதவர்கள் அறக்கட்டளை அலுவலகத்தில் சொல்லுங்கள்.