மலையிலிருந்து இறங்கும் வழி



சில திங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், முன்னாளில் என்னிடம் பயின்றவனும் இப்போது கோயம்புத்தூரில் கல்லூரியில் படிப்பவனுமாகிய மாணவன் ஒருவன் என் இல்லத்திற்கு வந்தான். தானும் தோழர் மூவருமாக, இரண்டு மோட்டார் சைக்கிள்களில் வால்பாறைக்குச் சென்று அன்றே திரும்ப எண்ணியிருப்பதாகக் கூறினான். தாயார் இசையவில்லையாம். "தலைமை ஆசிரியர் ஐயா சரி என்றால் போய் வா" என்று அனுப்பியிருக்கிறார். ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியும் இத்தகைய வழக்குகள் என்னிடம் வருவது நிற்கவில்லை.

"உன் திட்டம் யாது?" என்று வினவினேன். கைபேசியில் எழுதி வைத்திருந்ததைக் காட்டினான். காலை 8 மணிக்குப் புறப்பாடு, பொள்ளாச்சி, ஆழியாறு அணை, குரங்கு அருவி, ஒன்பதாம் வளைவிலுள்ள காட்சிமுனை, வால்பாறை, சோலையாறு அணை. அதற்குக் கீழே 'திரும்புதல்' என்று ஒரே ஒரு சொல். ஏறுவதற்கு ஏழு வரி, இறங்குவதற்கு ஒரு சொல்!

நான் ஒரு தாளை எடுத்து அவனிடம் கொடுத்து, "கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி எழுதிக்கொண்டு வா" என்றேன்.

கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அங்கிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். ஆழியாற்றுக்கு அப்பால் மலை தொடங்குகிறது; 40 கொண்டை ஊசி வளைவுகள். சனவரி மாதத்தில் நம் பக்கத்தில் சூரியன் மறைவது மாலை ஆறேகால் மணியளவில். ஆயினும் மலைச்சரிவின் நிழல் பாதையை அதற்கு வெகுமுன்பே மூடிவிடும். யானையும் சிறுத்தையும் உலவும் காடு அது. ஆதலின் 5 மணிக்கு ஆழியாற்றில் இறங்கி நிற்க வேண்டும். நின்று நின்று இறங்க இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், வால்பாறையை விட்டுப் புறப்படுவது 3 மணிக்கு. சோலையாறு அணை வால்பாறைக்கு அப்பால் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். எனவே பகல் 2 மணிக்கு எங்கே இருந்தாலும் வண்டியைத் திருப்பிவிட வேண்டும். இதையெல்லாம் எழுதி முடித்தபோது, புறப்படும் நேரம் தானாகவே எட்டிலிருந்து ஆறாகிவிட்டது. கைபேசி வரைபடம் இதைவிடக் குறைந்த நேரம் காட்டுகிறதே என்றான். அது தேநீர் பருகாத, பாறைமேல் நிற்கும் வரையாட்டைக் கண்டு நிற்காத ஒருவனுடைய நேரம் என்றேன்.

"இறங்குவது எளிதுதானே ஐயா? எஞ்சினுக்குக்கூட வேலையில்லையே" என்றான் அவன். அந்தச் சொல்லைக் கேட்டதும் என் மனம் 1986ஆம் ஆண்டிற்குப் போய்விட்டது.

அப்போது எனக்கு வயது 24. ஆசிரியர் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்த புதிது. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தேன். உடன் பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு இதே வால்பாறைக்குச் சென்றேன். தேயிலைத் தோட்டங்களின் அழகில் பொழுது போனதே தெரியவில்லை. திரும்பும்போது பெட்ரோலை மிச்சம் பிடிக்கலாம் என்று எஞ்சினை நிறுத்தி, கியரையும் விடுவித்து, பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினேன். முதல் பத்து வளைவுகள் இன்பமாகத்தான் இருந்தன. பிறகு மிதித்த பிரேக்கு மெல்ல மெல்லப் பிடிப்பை இழந்தது. அடுத்த திருப்பத்தில் பேருந்து ஒன்று எதிரே ஏறி வந்தது. பள்ளத்தாக்கின் பக்கம் போகாமல் மலையின் பக்கத்து ஓடையில் வண்டியைச் சாய்த்தேன். எனக்குச் சிராய்ப்பு, நண்பருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது.

ஏன் அங்ஙனம் ஆயிற்று என்பதை நண்பர் பின்னாளில் தம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்காகவே கொடுத்து வந்தார். வண்டியும் இரண்டு ஆளும் சேர்ந்து 300 கிலோகிராம் எனக் கொள்ளுங்கள். 800 மீட்டர் உயரம் இறங்கினால் அந்த ஆற்றல் முழுவதும் எங்கேயாவது சென்றாக வேண்டும். அது ஏறத்தாழ 24 லட்சம் ஜூல். ஏழு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. எஞ்சினை நிறுத்திக் கியரையும் விடுவித்தவன் அவ்வெப்பத்தில் பெரும்பகுதியைப் பிரேக்கின் தலையில் சுமத்துகிறான். டிரம் சூடேறி விரிகிறது. பிரேக் கட்டை உராய்வை இழக்கிறது. இக்காலத்து டிஸ்க் பிரேக்கிலும், அதிலுள்ள திரவம் கொதித்துவிட்டால் பிடிப்பு போய்விடும். ஆகவே எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவதுதான் முறை. எஞ்சின் தன் சுழற்சியாலேயே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை வளைவிற்கு முன்பே, நேர்ப்பாதையிலேயே இட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வேகம் இரு மடங்கானால் வண்டி நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகும் என்பதை நீங்கள் இயற்பியலில் படித்திருப்பீர்கள்.

வளைவில் ஏறிவரும் பேருந்துக்குப் பாதை முழுவதும் வேண்டும். ஏறுபவருக்கே முதல் வழி; இறங்குபவர் ஒதுங்கி நிற்க வேண்டும். பிறவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். இருவருக்கும் தலைக்கவசம்; டயர்க் காற்றைக் காலையிலேயே பார்த்தல்; குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடாமை. தென்மேற்குப் பருவமழை பொழியும் சூன் முதல் செப்டம்பர் வரை அப்பாதையை நாடாதிருத்தல். வால்பாறை செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு மின்னனுமதிச் சீட்டு 2025 நவம்பரில் கட்டாயமாக்கப்பட்டது; இத்தகைய விதிகள் மாறக்கூடியவை ஆதலின் புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். பள்ளி மாணவர்களாகிய நீங்கள் 18 வயது நிரம்பி உரிமம் பெறும் வரை தாளில் திட்டம் போட்டுப் பழகலாம். அதுவும் ஒரு சுகமே.

என் நண்பரின் மணிக்கட்டு கூடியதே தவிர, பழையபடி வளையவில்லை. ஓய்வு பெறும் வரை அவர் கரும்பலகையில் இடக்கையாலேயே எழுதினார். என்னை ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. அவர் எழுதிய கோணல் எழுத்துகளை நான் அடுத்த வகுப்பின் சன்னல் வழியாகப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாணவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். தாயாருக்கு நானே தொலைபேசியில் சொன்னேன். சனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சென்றார்கள். அன்று மாலை 5 மணிக்குச் சிறிது முன்பாகவே ஆழியாற்றிலிருந்து அழைப்பு வந்தது. அட்டகட்டி அருகில் ஒரு வண்டியின் டயர் பஞ்சராகி இரண்டு மணி நேரம் போய்விட்டதாம். வால்பாறையில் உண்டு முடித்தபோதே பொழுது ஏறிவிட்டதாம்.

"அப்படியானால் சோலையாறு அணை?" என்று கேட்டேன்.

"மணி ஒன்றே முக்கால் ஆகிவிட்டது ஐயா. திரும்பிவிட்டோம்" என்றான்.