பெருமூச்சும் வீசிங்கும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆங்கிலச் சொற்களைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர். நான் ஆங்கில வாத்தியார் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். டெபிட், கிரெடிட், வவுச்சர் என்று லெட்ஜர் ஆங்கிலம்தான் எனக்குத் தெரியும். அந்த ஆங்கிலம் ஒரு ராத்திரி என்னைக் கைவிட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

சில வருடங்களுக்கு முன் புனேயில் மகன் வீட்டில் இருந்தோம். என் அக்காவும் வந்திருந்தார். மகன் ஊரில் இல்லாத ஒரு நாள், இரவு இரண்டு மணிக்கு அக்காவுக்கு இளைப்பு வந்துவிட்டது. அவன் குறித்து வைத்திருந்த டாக்டருக்குப் போன் போட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. பெரிது பெரிதாக மூச்சு விடுகிறார் என்பதை மனதுக்குள் மொழிபெயர்த்து, "ஷீ இஸ் சையிங்" என்றேன்.

சை என்றால் கவலையிலோ அலுப்பிலோ விடும் பெருமூச்சு. "வீட்டில் ஏதாவது மன வருத்தமா? தண்ணீர் கொடுங்கள், காலையில் பார்க்கலாம்" என்றார் அவர். எனக்கு வேறு சொல் வரவில்லை. போனை அக்கா வாயருகே கொண்டுபோனேன். கீ... கீ... என்ற சத்தம் கேட்டதுமே, "ஷீ இஸ் வீசிங்! உடனே கூட்டி வாருங்கள்" என்று பதறினார். நெபுலைசர் வைத்து, விடிவதற்குள் மூச்சு சீரானது. டாக்டர் மேல் தப்பில்லை. நான் சொன்ன சொல்லுக்கு அவர் சரியான பதிலைத்தான் சொன்னார்.

அன்றிலிருந்து ஒரு நோட்டில் இந்தச் சொற்களைக் குறித்து வருகிறேன். புரட்டாசி சனிக்கிழமை நம் திருவண்ணாமலையில் சீனிவாசப் பெருமாளைப் பார்க்கப் படியேறும்போது மூச்சு வாங்குகிறதே, அது பேன்டிங். காற்றுக்குத் திணறினால் காஸ்பிங். மூச்சுக்குழல் சுருங்கி விசில் மாதிரி சத்தம் வந்தால் வீசிங். குறட்டை ஸ்னோரிங், விக்கல் ஹிக்கப், ஏப்பம் பர்ப், வலியில் முனகுவது மோனிங்.

ஆங்கிலத்தில் ஒவ்வொரு சத்தத்துக்கும் பெரும்பாலும் ஒரு தனி வினைச்சொல் இருக்கிறது. நாம் சத்தத்தை அப்படியே சொல்லி, "என்று" சேர்த்துவிடுவோம். களுக்கென்று சிரித்தால் கிகிள். நமட்டுச் சிரிப்பு ஸ்மர்க். சத்தத்தைச் சொல்லில் பிடிப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் திருப்பாவையில் ஏழாம் பாசுரத்தை எடுத்துப் பாருங்கள். பறவைகளின் கீச்சொலி, நகைகள் குலுங்கும் ஓசை, தயிர் கடையும் சத்தம் மூன்றும் அந்த ஒரே பாட்டில் கேட்கும்.

ஜாடைக்கு வருவோம். திருவள்ளுவர் குறிப்பறிதல் என்ற தலைப்பிலேயே 71, 110 என இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கிறார். ஜாடை அவ்வளவு முக்கியம். பிளிங்க் என்றால் கண் சிமிட்டுவது, விங்க் என்றால் கண்ணடிப்பது. கண் டாக்டரிடம் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்! வெளியூரிலிருந்து வரும் பேரன் தோளைக் குலுக்கினால் கோபப்படாதீர்கள். அது ஷ்ரக். நாம் உதட்டைப் பிதுக்குவதுபோல, "எனக்கென்ன தெரியும்" என்று அர்த்தம். துக்கச் செய்தி கேட்டு நாம் "உச்" கொட்டினால் அது அனுதாபம். ஆங்கிலத்தில் அதே சத்தத்துக்கு டட்-டட் என்று பெயர். பெரும்பாலும் அது "செய்தது சரியில்லை" என்ற கண்டிப்பு. போனில் ஆள் முகம் தெரியாதபோது இது வம்பில் கொண்டுவிடும். வீடியோவில் டாக்டரிடம் பேசும்போதும் நம் பாணியில் தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். யெஸ், நோ என்று வாயைத் திறந்து சொல்லுங்கள்.

நம் குடியிருப்பில் பலருடைய பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். நாமும் அங்கே போய் மாதக்கணக்கில் தங்குகிறோம். வீசிங், காஸ்பிங், பேன்டிங் என்ற மூன்று சொற்களையும் தமிழ் அர்த்தத்தோடு ஒரு தாளில் எழுதி, டாக்டர் நம்பர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அப்படியும் அவசரத்தில் சொல் வரவில்லையா? வெட்கப்படாமல் அந்தச் சத்தத்தைச் செய்து காட்டுங்கள், அல்லது கேட்க வையுங்கள். தப்பான சொல்லைவிட அது மேல்.